பார டிரெய்லருக்கு ஏற்ற டிராக்டர் எது?

2025ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22ந் தேதி முதல் டிராக்டர்களின்மேல் விதிக்கப்படும் சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது முதற்கொண்டு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த நிலச்சுவான்தார்களில் அநேகர் புது டிராக்டர் வாங்க உத்தேசித்து உழவர் உதவியகங்களுக்கு வந்து யோசனை கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உழவுக்காக வாங்குவதாகச் சொன்னாலும், வருஷத்தில் டிராக்டர் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி உழவில் கழிவதில்லை என்பதை நாம் யாவரும் அறிவோம். கரும்பு, சவுக்கு, நெல், எரு, வண்டல் மண் ஆகியவற்றைச் சுமந்து சாலையில் ஓடுவதிலேயே கழிகிறது. ஆகவே வருகிறவர்கள் இறுதியில் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: “ஐயா, ஆறு டன் டிரெய்லரை இழுப்பதற்கு எத்தனை குதிரைச் சக்தி எடுக்கலாம்?”

இக்கேள்வி தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதே எனது அபிப்பிராயம். ஆறு டன்னை இழுப்பது இக்காலத்து டிராக்டர் எதற்கும் பெரிய காரியமல்ல. இழுத்துச் சென்ற ஆறு டன்னை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் காரியம். அதற்குக் குதிரைச் சக்தி உதவாது. டிராக்டரின் சொந்த எடையும், டிரெய்லருக்குள்ள பிரேக்கும், இரண்டும் கோக்கப்பட்டிருக்கும் இடமுமே உதவும். இதனை விளக்குவதற்கு சேதராப்பட்டிலேயே கண்ணெதிரில் ஓர் உதாரணம் இருக்கிறது.

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு இரும்பும் இயந்திரங்களும் ஏற்றிக்கொண்டு வரும் நீண்ட டிரெய்லர் லாரிகளை நமது குடியானவர்கள் தினந்தோறும் பார்க்கிறார்கள். முன்னால் இருக்கும் இழுவை லாரி குட்டையானது. பின்னால் வரும் டிரெய்லரோ அதைப்போல் இரண்டு மூன்று பங்கு நீளம். டிரெய்லருக்கு முன்பக்கத்தில் சக்கரமே கிடையாது. அதன் முன்பாகம் இழுவை லாரியின் முதுகின்மேல் ஒரு வட்டமான இரும்புத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரின் அடியிலுள்ள தடித்த முளை அத்தட்டின் நடுவில் பூட்டிக்கொள்கிறது. இத்தட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். பெயரைக் கேட்டு உதிரிச் சக்கரம் என்று எண்ணிவிடலாகாது. குதிரை பூட்டிய நான்கு சக்கர வண்டிகளில் முன் இருசு திரும்புவதற்காகக் கிடைமட்டமாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேற்பட்டு வட்ட வடிவில் இருந்ததால் அதற்கு ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் வந்தது. வண்டி போய் லாரி வந்த பின்பும் பெயர் தங்கிவிட்டது. நம்மிடமுள்ள நான்கு சக்கர டிரெய்லர்களின் முன் இருசுக்கு மேலே ‘டர்ன் டேபிள்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் சுழல் வளையமும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய விசேஷம் அத்தட்டு வைக்கப்பட்டிருக்கும் இடம். அது இழுவை லாரியின் பின் இருசுக்கு நேர்மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. எனவே டிரெய்லரிலுள்ள பாரத்தில் ஒரு பங்கு, இழுக்கும் சக்கரங்களையே தரையோடு அழுத்துகிறது. சரக்கு ஏற ஏறப் பிடிப்பும் ஏறுகிறது. முன் சக்கரங்களும் தூக்குவதில்லை. அன்றியும் அந்த டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றுப் பிரேக் உண்டு. ஓட்டுநர் ஒரு மிதியை மிதித்தால் இழுவை லாரியும் டிரெய்லரும் ஒருங்கே பிரேக் கொள்ளுகின்றன.

நமது டிராக்டரில் இவ்விரண்டும் இல்லை. கொக்கி பின் இருசுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு இரண்டரை அடி தள்ளி இருக்கிறது. டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே இல்லை. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், தொழிற்பேட்டை லாரியைப் போலவே டிராக்டரும் எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கும் என்ற எண்ணம் நம்மிடம் பரவியிருக்கிறது.

கட்டைவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இவ்விஷயத்தில் பாடம் சொல்லவேண்டியதில்லை. முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டையும் அவர்கள் கையால் தூக்கிப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தில் சிறிது பாரம் நிற்கும்படி வைத்துக்கொண்டுதான் மாட்டை ஓட்டுவார்கள். மாடு வாயில்லாத ஜீவன் என்றாலும் பாரம் தாங்காவிட்டால் நின்றுவிடும், டிராக்டர் நிற்காது. இரண்டு சக்கர டிரெய்லரில் இதே முன்பாரம் கொக்கியின்மேல் இறங்குகிறது. டிராக்டரின் எடை 2 டன் என்றும், அதில் முன் சக்கரங்களின் மேல் 700 கிலோ நிற்கிறதென்றும், முன்னிருசுக்கும் பின்னிருசுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்றும், கொக்கி பின்னிருசுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். கொக்கியின்மேல் 600 கிலோ இறங்கினால் முன் சக்கரங்களின்மேல் 210 கிலோ குறைந்துவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சவுக்குக் கட்டைகளை முன்பக்கம் குவித்து ஏற்றி 1500 கிலோ இறங்கும்படி விட்டால் 525 கிலோ குறைந்துபோய், திசை திருப்பும் சக்கரங்களின்மேல் 175 கிலோ மாத்திரமே மிஞ்சும். சமதரையில் அதுவும் போதுமென்று தோன்றும். வயலிலிருந்து வாய்க்கால் மதகைத் தாண்டிச் சாலைக்கு ஏறும் குறுகிய செங்குத்து ஏற்றத்தில்தான் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். முற்காலத்து டிராக்டர்களில் முன்பக்கம் இலேசானால் திருப்பும் வளையம் கையில் இலேசாகத் தெரியும். ஓட்டுகிறவன் எச்சரிக்கை அடைவான். இப்போது பவர் ஸ்டீரிங் வந்துவிட்டதால் அது எப்போதும் இலேசாகவே இருக்கிறது. சௌகரியத்தோடுகூட ஒரு எச்சரிக்கையும் போய்விட்டது.

இனி இழுப்பைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்ப்போம். டிராக்டர் 2 டன், வெற்று டிரெய்லர் 2 டன், சரக்கு 6 டன், ஆக மொத்தம் 10 டன். நல்ல தார்ச்சாலையில், சமதரையில், ரப்பர்ச் சக்கரம் உருளுவதற்கு டன் ஒன்றுக்குச் சுமார் 20 கிலோ இழுப்பு வேண்டும். பத்து டன்னுக்கு 200 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுப்பதற்குச் செலவாகும் சக்தி 11 குதிரைச் சக்திதான். இருபதடிக்கு ஓரடி வீதம் உயரும் ஏற்றத்தில் மேற்கொண்டு 500 கிலோ இழுப்பு வேண்டும். மொத்தம் 700 கிலோ. கியரைக் குறைத்து மணிக்கு 5 கிலோமீட்டராக ஏறினால் அதற்கும் 13 குதிரைச் சக்தி போதும். 35 குதிரைச் சக்தி உடைய டிராக்டருக்கு இவையெல்லாம் எளிது.

ஆனால் சக்கரம் தரையைப் பற்றினாலல்லவா எஞ்சினின் சக்தி இழுப்பாக மாறும்? இரண்டு டன் டிராக்டரின் பின் சக்கரங்களின்மேல் நிற்பது சுமார் 1300 கிலோ. காய்ந்த தாரில் அவ்வெடையில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு, அதாவது 800 கிலோவுக்குள், பிடிப்பாகக் கிடைக்கும். சேறு படிந்த ஈரச்சாலையில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 400 கிலோ கிடைத்தாலே அதிகம். மேலே சொன்ன ஏற்றத்துக்கு 700 கிலோ வேண்டியிருக்க, கிடைப்பது 400 என்றால், எஞ்சின் 35 குதிரைச் சக்தியாயினும் 55 ஆயினும் சக்கரம் சுழன்றுகொண்டு அங்கேயே நிற்கும். மழை பெய்த கரும்புத் தோட்டத்துக்குள் டன் ஒன்றுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் இழுப்பு வேண்டியிருப்பதால், அங்கு நடப்பதைப்பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை. இரண்டாவது டிராக்டரைக் கொண்டுவந்து முன்னால் பூட்டுகிற காட்சியை அரவைக் காலந்தோறும் பார்க்கிறோம். அதே விலையில் சிறிது குறைந்த குதிரைச் சக்தியும் சிறிது கூடிய எடையும் உள்ள டிராக்டரை எடுத்திருந்தால், அல்லது பின் டயர்களுக்குள் நீர் நிரப்பி ஒவ்வொன்றுக்கும் நூறு கிலோவுக்கு மேல் கூட்டிக்கொண்டு, முன்னாலும் இரும்பு எடைகள் மாட்டியிருந்தால், அந்தக் கூலி மிஞ்சியிருக்கும். பாரத்துக்கு இவ்வாறு எடை கூட்டிய டிராக்டரைச் சேற்றுழவுக்கு விடும்போது எடையைக் கழற்றிவிட வேண்டும் என்பது வேறு விஷயம்.

இழுப்பில் ஏற்படும் தவறு கூலி நஷ்டத்தோடு தீர்ந்துபோகும். நிறுத்துவதில் ஏற்படும் தவறு அவ்வாறு தீராது. இதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டிருந்தால் எனக்கு மனநிம்மதியாக இருந்திருக்கும்.

பல வருஷங்களுக்கு முன் பாகூர்ப் பக்கத்தில் நான் வேலை பார்த்தபோது, கரும்பு பயிரிடும் ஒரு குடியானவர் என்னிடம் யோசனை கேட்க வந்தார். அவரிடம் 35 குதிரைச் சக்தி உடைய டிராக்டரும் மூன்று டன் டிரெய்லரும் இருந்தன. நடை அதிகமாகிறது, டீசல் செலவு தாளவில்லை என்றார். நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மேலே நான் எழுதிய முதல் கணக்குத்தான்; 11 குதிரைச் சக்தி போதுமென்று வந்தது. பெரிய டிரெய்லர் செய்துகொள்ளுங்கள், நடை பாதியாகும் என்று சொல்லி அனுப்பினேன். நிறுத்தும் கணக்கை நான் போடவில்லை. அவரும் பட்டறையில் நான்கு சக்கர டிரெய்லர் ஒன்று செய்துகொண்டார், பிரேக் வைக்கவில்லை. முதல் அரவைக் காலம் நன்றாகவே கழிந்தது. எனக்கு ஒரு கட்டுக் கரும்புகூடக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது காலத்தில், விடியற்காலையில், மழைத் தூறலில், அவருடைய சகோதரியின் மகன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு ஒரு வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் இறங்கினான். பிரேக்கை மிதித்தான், டிராக்டர் தயங்கியது, டிரெய்லர் தயங்கவில்லை. பின்னாலிருந்து தள்ளிய பாரம் டிராக்டரைக் குறுக்கே மடக்கிச் சாலையோரத்துப் பள்ளத்தில் சாய்த்துவிட்டது. பையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிற்று. உயிர் தப்பியது. நான் பார்க்கப் போனபோது குடியானவர், “ஐயா, நீங்கள் நல்லதற்குத்தான் சொன்னீர்கள், எங்கள் நேரம்” என்றார். நேரத்தின்மேல் போடக்கூடிய விஷயமல்ல அது. நான் போட்டிருக்கவேண்டிய கணக்கு பின்வருமாறு.

நம் நாட்டு டிராக்டர்களில் சாதாரணமாகப் பின் சக்கரங்களுக்கு மாத்திரமே பிரேக் உண்டு. மிதியை எவ்வளவு பலமாக மிதித்தாலும், அச்சக்கரங்களுக்குத் தரையிலுள்ள பிடிப்புக்கு மேல் நிறுத்தும் பலம் கிடைக்காது. காய்ந்த தாரில் அதே 800 கிலோதான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இரண்டு டன் டிராக்டர் தனியாக இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 6 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் இல்லாத டிரெய்லரும் சரக்குமாகப் பத்து டன் ஆகிவிட்டால், அதே 800 கிலோ பலம் ஐந்து மடங்கு பாரத்தை நிறுத்தவேண்டும். சுமார் 25 மீட்டர் ஓடித்தான் நிற்கும். இருபதுக்கு ஒன்று இறக்கத்தில் 50 மீட்டர் ஓடும். அதே இறக்கம் சேறும் ஈரமுமாக இருந்து பிடிப்பு 400 கிலோவாகக் குறைந்தால், சரிவு கீழே தள்ளும் பலமான 500 கிலோவும், பிரேக்கும் உருளும் தடையும் சேர்ந்த 600 கிலோவும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. 200 மீட்டருக்கு மேல் ஓடும், அதாவது நடைமுறையில் நிற்காது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை மிதியில் வைப்பதற்குள் கழியும் 7 மீட்டரை இவற்றில் நான் சேர்க்கவில்லை. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு ஆகும் என்பதையும் இளைஞர்கள் கவனிக்கவேண்டும்.

இப்போது டிரெய்லரின் ஒரே ஒரு இருசுக்கு மாத்திரம் பிரேக் வைத்துப் பார்ப்போம். எட்டு டன் டிரெய்லரில் அவ்விருசின்மேல் 4 டன் நிற்கிறதென்றால், காய்ந்த தாரில் 2400 கிலோ நிறுத்தும் பலம் புதிதாகக் கிடைக்கிறது. சமதரையில் 25 மீட்டர் என்றிருந்தது 7 அல்லது 8 மீட்டராகக் குறைகிறது. இதைக் காட்டிலும் மலிவான இன்ஷூரன்ஸ் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் விற்கும் டிராக்டர்களின் கையேடுகளில் இதற்கு ஒரு எளிய வரையறை அச்சிட்டிருப்பார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர், சரக்கோடு சேர்த்து, டிராக்டரின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது. வேகம் 32 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பிரேக் உள்ளதாயின் நாலரை மடங்கு வரையிலும், 40 கிலோமீட்டர் வரையிலும் போகலாம். இதை நமக்குப் பொருத்திப் பார்த்தால், இரண்டு டன் டிராக்டருக்குப் பின்னால் பிரேக் இல்லாமல் 3 டன், அதாவது டிரெய்லரின் சொந்த எடை போக ஒரு டன் அல்லது சிறிது அதிகம் சரக்குத்தான். பிரேக்கோடு 9 டன். இவ்வரையறையின்படி நமது சாலைகளில் இன்று ஓடும் கரும்பு டிரெய்லர்களில் எத்தனை தேறும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆகவே வாங்குகிற வரிசையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எனது யோசனை. முதலில் எந்தச் சரக்கு, எவ்வளவு, எந்தச் சாலை வழியாக, எவ்வளவு தூரம் என்பதை நிச்சயித்துக்கொள்க. அதற்கேற்ற டிரெய்லரைப் பிரேக்கோடு தீர்மானிக்க. கடைசியில் அந்த டிரெய்லரை அடக்கத் தக்க எடையுள்ள டிராக்டரைத் தேடுக. நம்மவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: டிராக்டரை முதலில் வாங்கி, கையில் மிஞ்சிய பணத்தில் டிரெய்லர் செய்து, பணம் போதாமல் பிரேக்கை விட்டுவிடுகிறார்கள், அடுத்த வருஷம் பக்கப் பலகைகளின்மேல் கோணக் கம்பி வைத்து உயர்த்தி இன்னும் இரண்டு டன் ஏற்றுகிறார்கள்.

டிராக்டரின் குணத்தை விற்பவரின் வாயிலிருந்து அறிய முயல்வது வீண். மத்தியப்பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் 1955ஆம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய சர்க்கார் பண்ணை இயந்திரப் பயிற்சி சோதனை நிலையம் இருக்கிறது. அங்கு டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறார்கள். எடை கூட்டாமல் எவ்வளவு இழுப்பு, எடை கூட்டியபின் எவ்வளவு இழுப்பு, முன் இருசின்மேல் எவ்வளவு, பின் இருசின்மேல் எவ்வளவு, பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பனவெல்லாம் அதில் உண்டு. நிலையான விலைக்கு நாலைந்து லட்சமும் அதற்கு மேலும் கொடுக்கிறவர் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தயங்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் வில்மாட் குரோசியர் என்ற விவசாயி, வாங்கிய டிராக்டர் சொன்னபடி உழைக்காததைக் கண்டு மனம் நொந்து, தாம் சட்டசபை அங்கத்தினரானபோது, சோதனைக்கு உட்படாத டிராக்டரை அம்மாகாணத்தில் விற்கக்கூடாதென்று 1919ஆம் வருஷத்தில் சட்டம் வரச் செய்தார். அத்தகைய விவசாயிகள் சட்டசபைகளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போனால் நன்றாயிருக்கும்.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-15ஆம் வருஷத்தில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் டிராக்டர்கள் குதிரைச் சக்தியின் அளவை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன. சர்க்காரே அந்த ஒரு அளவைக்கொண்டு பேசும்போது குடியானவரும் அதையே பெரிதாக எண்ணுவதில் ஆச்சரியமில்லை. பிரேக் உள்ள டிரெய்லருக்குத் தனியாக மானியமோ, குறைந்தபட்சம் பிரேக் பொருத்தும் செலவில் ஒரு பங்கோ கொடுப்பது உசிதம் என்று இலாகாவில் இருந்துகொண்டே நான் எழுதத் துணிகிறேன்.

இரண்டு சக்கர டிரெய்லரா, நான்கு சக்கர டிரெய்லரா என்று கேட்பவர்களுக்கு: வயலுக்குள் போய் வருவதற்கும் மூன்று டன்னுக்கு உட்பட்ட சரக்குக்கும் இரண்டு சக்கரமே மேல், முன்பாரம் பின் சக்கரங்களுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் நிற்கும்படி ஏற்றினால் போதுமானது. நான்கு சக்கர டிரெய்லர் கொக்கியின்மேல் பாரம் வைப்பதில்லை. டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்குவதில்லை. ஆனால் பிடிப்பும் கொடுப்பதில்லை. பின்பக்கம் ஓட்டுவதும் அதில் சிரமம். எதுவாயினும் கொக்கி தாழ்வாக இருக்கவேண்டும். சேற்றில் சிக்கியபோது சங்கிலியை மேலிணைப்புக் கம்பியிலோ இருசுக்கு மேலே உயரமான இடத்திலோ மாட்டி இழுத்தால், டிராக்டர் பின்புறமாகக் குட்டிக்கரணம் போட்டு ஓட்டுகிறவன்மேல் விழும்.

ஓட்டும் முறையில் ஒன்றை மாத்திரம் வற்புறுத்திச் சொல்லுகிறேன். டிராக்டரின் வலது இடது பின் சக்கரங்களுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் இருக்கின்றன. வயல் முனையில் சுருக்கமாகத் திரும்புவதற்காக அவ்வாறு வைத்திருக்கிறார்கள். சாலைக்கு வந்தவுடன் இரண்டு மிதிகளையும் தாழ்போட்டு ஒன்றாக இணைத்துக்கொள்ள வேண்டும். சேற்றுழவு முடித்து நேரே கரும்பு நடைக்கு வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாரத்தோடு போகையில் ஒரு சக்கரம் மாத்திரம் பிரேக் கொண்டால் டிராக்டர் குறுக்கே மடங்குவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. இறக்கம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்கு ஒப்பானது.

தூரம் அதிகமானால் டிராக்டரையே விட்டுவிடுவது நலம். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலையில் அரவை நின்றபின் வில்லியனூர் வட்டாரக் கரும்பு வெளியூர் ஆலைகளுக்குப் போக நேர்ந்தது. சேதராப்பட்டிலிருந்து முண்டியம்பாக்கம் ஆலைக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. வழியில் வேகமாகப் போகும் பஸ்களும் லாரிகளும் நிறைந்த பெருஞ்சாலையைக் கடக்கவேண்டும். அங்கு பிரேக்கில்லாத டிரெய்லரை இரவில் ஓட்டுவதைக் காட்டிலும், நாலைந்து பேர் சேர்ந்து எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் உள்ள லாரியை வாடகைக்கு அமர்த்துவது கணக்கிலும் குறைவாகாது. டிராக்டருக்குள்ள இடம் வயலிலிருந்து சாலையோரம் வரையிலும், ஊரிலிருந்து பக்கத்துக் களம் வரையிலும்தான் என்பது எனது கட்சி. பாகூர்ப் பக்கத்திலிருந்து நெல்லிக்குப்பத்துக்குப் போகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று அறிவேன். அவர்களும் பிரேக்கையாவது ஒப்புக்கொள்ளட்டும்.

கிராமாதிகாரிகளுக்குச் சில விஷயங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விவசாய டிராக்டர் என்பது வயல் வேலைக் கருவிகளையும், விவசாயப் பொருள்களை ஏற்றும் டிரெய்லரையும் இழுப்பதற்கு ஏற்பட்ட வாகனம். அது வாடகைப் போக்குவரத்து வாகனம் அல்ல. அதைக்கொண்டு செங்கல்லும் ஜல்லியும் கூலிக்கு அடித்து விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பது துர்லபம். 2019ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1ந் தேதி முதல் அமலில் இருக்கும் திருத்தச் சட்டப்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிகச் சரக்கை இறக்கும் செலவும் ஏற்றியவரையே சேரும். இவற்றைக் குடியானவர்களுக்கு அபராதம் விழுந்தபின் சொல்லுவதைவிட அரவைக்கு முன் சொல்லுவது உபகாரமாகும். கரும்பு வெட்டும் ஆட்களைச் சரக்கின்மேல் உட்காரவைத்து அழைத்துவருவதைக் கண்டால் அங்கேயே இறக்கிவிட வேண்டும். டிரெய்லரின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாமல் இருட்டில் சாலையோரம் நிறுத்தியிருப்பதையும் கவனிக்கவேண்டும். கரும்புத் தோகை தொங்கி அதை மறைத்துவிடுவதும் உண்டு. கொம்யூன் பஞ்சாயத்துகள் வயல்வழி மதகுகளின் ஏற்றங்களைச் சிறிது நீட்டிச் சரிவைக் குறைத்துக் கொடுத்தால், டிராக்டர்களின் முன்பக்கம் எழும்பும் ஆபத்தில் பாதி அங்கேயே தீரும். இதற்குப் பெரும்பணம் வேண்டாம். சில நடை கிராவல் மண் போதும்.

தம்மிடமுள்ள டிரெய்லரின் சொந்த எடை என்னவென்று கேட்டால் நமது விவசாயிகளில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை, பட்டறைக்காரருக்கும் தெரிவதில்லை. அரவை தொடங்குவதற்கு முன் ஒரு நாள், டிராக்டரைத் தனியாகவும், வெற்று டிரெய்லரைத் தனியாகவும், வழக்கமான சரக்கோடு ஒரு முறையும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டுகளை வாங்கிக்கொள்க. அம்மூன்று சீட்டுகளோடு உழவர் உதவியகத்துக்கு வருவோருக்கு, அவர்கள் போகும் வழியிலுள்ள ஏற்ற இறக்கத்தையும் கேட்டுக்கொண்டு, எவ்வளவு ஏற்றலாம், எந்த இருசுக்குப் பிரேக் வைக்கவேண்டும், டிராக்டருக்கு எங்கே எவ்வளவு எடை கூட்டவேண்டும் என்பதை அங்கேயே கணக்கிட்டுக் கொடுக்கலாம். இம்முறை நிறுத்தும் கணக்கை முதலில் போடுவேன்.